ஒளி முந்தியது, எக்ஸ் கதிர் பிந்தியது

எக்ஸ் கதிர்களைக் காற்று மண்டலமே உறிஞ்சிவிடும். அதனால் எக்ஸ் கதிர் வானத்தைப் பார்க்க மேலே போய்த்தான் ஆக வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஜப்பானியப் பகுதியான கிபோவின் வெளிப்புறத்தில், 2009 முதல் மேக்ஸி என்ற கருவி இருக்கிறது. அதை எந்தப் பக்கமும் திருப்பத் தேவையில்லை. வானத்தின் நீளமான இரண்டு கீற்றுகள் மட்டும் அதற்குத் தெரியும். நிலையம் சுமார் 92 நிமிடத்தில் பூமியைச் சுற்றி வருவதற்குள், துடைப்பம் தரையைப் பெருக்குவதுபோல, அந்தக் கீற்றுகள் வானத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிடும். எங்காவது திடீரென்று எக்ஸ் கதிர் கூடினால், கணினி உடனே எச்சரிக்கும்.

2018 மார்ச் 11 அன்று அப்படி ஒரு புள்ளி ஒபியூக்கஸ் விண்மீன் குழுவில் தென்பட்டது. பெயர் மேக்ஸி ஜே1820+070. அந்த எண்கள்தான் அதன் விலாசம்: வல ஏற்றம் (வானத்தில் கிழக்கு-மேற்கு இடத்தைச் சொல்லும் அளவு) 18 மணி 20 நிமிடம், வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் வரும் கற்பனைக் கோடு) வடக்கே 7 பாகை.

ஆனால் மார்ச் 6 அன்றே, வெடிக்கும் விண்மீன்களைத் தேடும் தரைத் தொலைநோக்கிகள் அதே இடத்தில் ஒரு விண்மீன் பிரகாசமானதைக் கண்டிருந்தன. ஒரே பொருள்தான். அப்படியென்றால் சாதாரண ஒளி ஏன் முந்தியது?

அங்கே ஒரு கருந்துளையும், சூரியனைவிட நிறை குறைந்த விண்மீனும் ஏறத்தாழ பதினாறரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. விண்மீனிலிருந்து உருவப்படும் வாயு நேராகக் கருந்துளைக்குள் விழாமல், அதைச் சுற்றித் தட்டாகச் சேர்கிறது. குளிர்ந்திருக்கும்வரை வாயுவில் உராய்வு குறைவு. உள்ளே நகர்வது கொஞ்சம்தான். சேரச் சேரச் சூடாகும். சில ஆயிரம் டிகிரியைத் தாண்டியதும் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரியும், உராய்வு எகிறும், வாயு உள்ளே சரியத் தொடங்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: கோடிக்கணக்கான டிகிரி வெப்பமும் எக்ஸ் கதிர் வீச்சும் வருவது, கருந்துளைக்கு மிக அருகேதான். தட்டின் வெளிப்பகுதியில் கொந்தளிப்பு தொடங்கினால், முதலில் கூடுவது சாதாரண ஒளி. எக்ஸ் கதிர் பெருக, வாயு உள்ளே வந்து சேர வேண்டும். அந்தப் பயணத்துக்கு ஆகும் நாட்களைத்தான் இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் இடையே பார்க்கிறோம்.

சரி, இது ‘புதிய’ எக்ஸ் கதிர் மூலமா? பழைய ஒளிப்படத் தகடுகளைத் தேடியபோது, 1898லும் 1934லும் இதே விண்மீன் இப்படிப் பிரகாசித்தது பதிவாகியிருந்தது. எக்ஸ் கதிரில் வானத்தைப் பார்க்கும் கருவி எதுவும் அன்று மேலே இல்லை.