செட்டி: புவிப்புற நுண்ணறிவுத் தேடல்

‘செட்டி விஞ்ஞானிகள்’ என்று செய்தியில் பார்த்தால் தமிழருக்கு முதலில் வணிகர் நினைவுதான் வரும். இது ‘சர்ச் ஃபார் எக்ஸ்ட்ரா டெரஸ்ட்ரியல் இன்டெலிஜென்ஸ்’ என்பதன் முதலெழுத்துச் சுருக்கம் (SETI). பூமிக்கு வெளியே தொழில்நுட்பம் கைவந்த உயிர்கள் இருந்தால், அவற்றின் தடயத்தை முக்கியமாக வானொலி அலைகளில் தேடும் ஆய்வு.

பெயருக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. ஹைட்ரஜன் அணு 1420 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அலை உமிழ்கிறது. எந்த உலகத்து வானியலாளருக்கும் இது தெரிந்திருக்கும், அந்த அலைவரிசையில் கேட்டுப் பார்க்கலாம் என்று 1959இல் இயற்பியலாளர்கள் கொக்கோனியும் மாரிசனும் எழுதினார்கள். மறு ஆண்டே அமெரிக்காவின் கிரீன் பேங்க்கில் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் 26 மீட்டர் வானொலித் தொலைநோக்கியை இரண்டு விண்மீன்களை நோக்கித் திருப்பினார். அவற்றில் ஒன்றான எப்சிலான் எரிடானியை நோக்கியபோது பதிவுக் கருவியின் பேனா துள்ளத் தொடங்கியது. பிறகு பார்த்தால் அது பூமியிலிருந்தே வந்த சைகை.

மற்ற விண்மீன் டௌ செட்டி. இங்கே ‘செட்டி’ (Ceti) லத்தீன் சொல். ‘திமிங்கிலத்தினுடைய’ என்று பொருள். திமிங்கில விண்மீன் குழுவில் இருப்பதால் வந்த பெயர். 1960களில் இத்துறைக்கு முதலில் வழங்கிய சுருக்கத்துக்கும் இதே எழுத்துக்கள்தாம். அதில் முதலெழுத்து எஸ் அல்ல, சி. அதாவது ‘கம்யூனிகேஷன்’, தொடர்பு. 1971இல் ஆர்மீனியாவின் பியூரகானில் அமெரிக்க, சோவியத் அறிஞர்கள் கூடிய மாநாடும் அந்தப் பெயரில்தான் நடந்தது. 1970களின் நடுவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தார் சியை எஸ் ஆக்கினார்கள். யாரென்றே தெரியாதவரோடு தொடர்பு என்பது பெரிய வாக்குறுதி; தேடல் என்பது நாணயமான சொல். ஒலி மாறவில்லை, வாக்குறுதி குறைந்தது.

‘இன்டெலிஜென்ஸ்’ என்ற பகுதிதான் இன்னும் இடறுகிறது. திமிங்கிலம் கூர்மையான அறிவுள்ள விலங்கு; ஆனால் வானொலி நிலையம் கட்டாது. திமிங்கிலங்கள் மட்டுமே வாழும் உலகம் இந்தத் தேடலில் அகப்படவே அகப்படாது. ஆகவே இங்கே அறிவு என்பது நடைமுறையில் தொழில்நுட்பமே. துறையினரே இப்போது ‘தொழில்நுட்பத் தடயம்’ என்று பொருள்படும் சொல்லைப் பரவலாக ஆள்கிறார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘வேற்றுக்கிரகவாசி’ கதைக்குப் பொருந்தும், ஆய்வுக்குப் பொருந்தாது. ‘வாசி’ என்றால் குடியிருப்பவர். வந்த சைகை ஆளில்லாத எந்திரத்திலிருந்தும் வரலாம், அது கோளில் இல்லாமலும் இருக்கலாம். ‘அறிவுயிர்’ என்பது அழகான சொல்லாக்கம், ஆனால் தொல்காப்பியக் கணக்கில் புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். அங்கே அறிவு என்பது புலன்வழி அறிதல். ‘செயற்கை நுண்ணறிவு’ ஊன்றிவிட்ட பிறகு ‘நுண்ணறிவு’ என்பதையே இங்கும் ஆள்வது ஒழுங்கு. ‘எக்ஸ்ட்ரா’ என்றால் புறத்தே, ‘டெர்ரா’ என்றால் நிலம், பூமி, சேர்த்தால் புவிப்புறம். ஆக, புவிப்புற நுண்ணறிவுத் தேடல். நீளம்தான், ஆனால் துல்லியம். தலைப்புக்கு இடம் போதாவிட்டால் ‘புவிப்புறத் தேடல்’ என்று சுருக்கலாம். வெறும் ‘செட்டி’ வேண்டாம்.

உடன்பிறப்பு ஒன்றும் உண்டு: தேடாமல், நாமே செய்தி அனுப்புவது. ரஷ்ய அறிவியலாளர் அலெக்சாந்தர் ஸைட்செவ் அதற்குச் சூட்டிய சுருக்கத்தை (METI) தமிழில் எழுதினால் கால்விரல் ‘மெட்டி’ ஆகிவிடும்! ‘புவிப்புறச் செய்தி அனுப்பல்’ என்பது தெளிவு. 1974இல் போர்ட்டோ ரிகோவின் அரசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து சுமார் 25,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்13 விண்மீன் கொத்தை நோக்கி சுழி, ஒன்று என்ற 1679 இருமக் குறிகள் அனுப்பப்பட்டன. அது இந்த வகை. அதைத் ‘தேடல்’ என்று எழுதுவது பிழை.