வாசலில் கத்தும் கடன் முதலா, வட்டியில் கடிக்கும் கடன் முதலா?

மாலை ஆறு மணிக்கு மேல் வடசென்னையின் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடித் தெருக்களில் தோள்பையோடு டூவீலரில் வருபவரைச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்டல்காரர், அதாவது தினத் தவணைக்குக் கடன் கொடுத்து வசூலிப்பவர். அவர் வருவதற்குள் இருநூறோ முந்நூறோ புரட்டி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிர்வீட்டில் கைமாற்று. அதே வீட்டில் கிரெடிட் கார்டு பில் பிரிக்காமலே கிடக்கும். அடகுக் கடை ரசீது, கெடு தாண்டிப் பீரோவுக்குள் இருக்கும். பில்லும் ரசீதும் வாசலில் வந்து கத்துவதில்லை, அதனால் அவை கடைசிக்குப் போய்விடுகின்றன. யார் சத்தம் போடுகிறாரோ அவருக்கே முதல் பணம் என்ற இந்த வரிசைதான் குடும்பங்களை மூழ்கடிக்கிறது. அதை மாற்றி எழுதுவதற்குப் பெயர்தான் கடன் அடைப்புத் திட்டம்.

முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம். யாரிடம் வாங்கியது, கையில் உண்மையில் வந்த தொகை எவ்வளவு, இதுவரை கட்டியது, பாக்கி, வட்டி, எதைக் கொடுத்து வைத்திருக்கிறோம், தவணை தவறினால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். 'எதைக் கொடுத்து வைத்திருக்கிறோம்' என்ற இடத்தில்தான் பேனா தயங்கும். ஏ.டி.எம். கார்டு, பாஸ்புக், கையெழுத்து மட்டும் போட்ட செக், ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து வாங்கித் தொகை எழுதாமல் விட்ட புரோநோட்டு என்ற கடன் உறுதிச் சீட்டு. எல்லாவற்றையும் எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவது முக்கியம். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய கடன் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது வெளியே வராத திட்டம் இரண்டாவது மாதமே உடைந்துவிடும்.

அடுத்து, எல்லா வட்டியையும் ஆண்டுச் சதவீதமாக மாற்ற வேண்டும். '5 வட்டி' என்பது நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து, ஆண்டுக்கு 60 சதவீதம். 10 வட்டி 120 சதவீதம். தண்டலைத்தான் பலர் தப்பாகக் கணக்கிடுகிறார்கள். தண்டல் அட்டையின் மேலே 10,000 என்று எழுதியிருக்கும், கையில் வருவது 9,000. நூறு கட்டம், நாளுக்கு நூறு ரூபாய், கட்டத்துக்கு ஒரு இனிஷியல். "பத்துக்கு ஆயிரம்தானே, பத்து சதவீதம்" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுக்கிறோம். ஐம்பதாவது நாளில் நம்மிடம் இருப்பது அந்த 9,000-த்தில் ஏறக்குறைய பாதிதான். குறைந்துகொண்டே வரும் பாக்கியை வைத்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 78 சதவீதம். கையில் 8,500 மட்டும் கொடுத்திருந்தால் 120 சதவீதம். கட்டக் கட்டக் குறைக்காமல் முழு அசலுக்கும் கடைசி வரை போடும் 'பிளாட்' வட்டியிலும் இதே கதைதான். 50,000 ரூபாய்க்கு 2 வட்டி, 12 மாதத் தவணை என்றால் 24 சதவீதம் போலத் தெரியும், உண்மையில் 41 சதவீதத்துக்கும் மேல்.

இப்போது ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் மணலியில் கன்டெய்னர் யார்டு வேலை, மனைவி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்குத் தையல். மந்தமான மாதத்தில் இருவருக்கும் சேர்த்து 31,000. வாடகை, மளிகை, பள்ளி, கரன்ட், கேஸ் எல்லாம் 20,000. மீதி 11,000. கடன்கள் நான்கு: தண்டல் நாளுக்கு 200, இன்னும் 60 நாள்; 5 வட்டிக்கு வாங்கிய 40,000, மாத வட்டி மட்டும் 2,000; கிரெடிட் கார்டு பாக்கி 44,000, மாதக் குறைந்தபட்சத் தொகை 2,200; டூவீலர் தவணை 2,300, இன்னும் 12 மாதம். தண்டலுக்கு மாதம் 6,000 சேர்த்தால் மொத்தம் 12,500. துண்டு விழுவது 1,500 ரூபாய். அந்த 1,500-க்குத்தான் மாதாமாதம் புதுக் கடன் பிறக்கிறது.

இதில் அசல் குறையாமலே பணத்தைத் தின்பது 5 வட்டிக் கடன். இருபது மாதம் கட்டினால் வாங்கிய 40,000-மும் வட்டியாகவே போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். வீட்டில் சும்மா கிடக்கும் நகை இருந்தால் வங்கி நகைக் கடன் 10 சதவீத அளவில் கிடைக்கும். இன்றைய தங்க விலைக்கு ஒரு சவரனே இதற்குப் போதும். மாதம் 2,000 என்ற வட்டி 333 ஆகிவிடும், அதையும் ஆண்டு முடிவில் கட்டலாம். ஆனால் நகைக் கடன் பணம் வீட்டுக்குள் வரக் கூடாது. வங்கியிலிருந்து நேராகப் போய் அடைத்து, புரோநோட்டையும் செக்கையும் கையோடு வாங்க வேண்டும். ஒரு வாரம் பீரோவில் இருந்த பணம் சீருக்கும் செல்போனுக்கும் போய், கடைசியில் இரண்டு கடனும் தலையில் நின்றுவிடும். நகை இல்லாதவர்கள் 5 வட்டிக்காரரிடம் பேசி, இனிக் கொடுப்பதில் இவ்வளவு அசலில் கழியும் என்று எழுதி வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு நிற்காது.

இனி கடன்களுக்கு மாதம் 10,500. மிஞ்சுவது 500 என்றாலும் துண்டு நின்றுவிட்டது. இரண்டு மாதத்தில் தண்டல் முடிகிறது. திட்டத்தின் ஆபத்தான நாள் அதுதான். கடைசி இருபது கட்டம் இருக்கும்போதே "பழசைக் கழிச்சுக்கிட்டுப் புதுசா இருபதாயிரம் தர்றேன்" என்று தண்டல்காரர் நீட்டுவார். கழிக்கிற பணத்துக்கும் மறுபடி முன்வட்டி பிடிபடும். வாங்கவே கூடாது.

மூன்றாவது மாதத்திலிருந்து கார்டு. அதுவரை அதைத் தேய்க்காமல் எடுத்து வைத்திருக்க வேண்டும். 3.5 சதவீத மாத வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 44,000-க்கு வட்டியே 1,817 ரூபாய். குறைந்தபட்சம் 2,200 கட்டினால் அசலில் குறைவது வெறும் 383. இப்போது கையில் 8,700 நிற்கிறது. ஆயிரத்தை அவசரத்துக்கு ஒதுக்கி, மாதம் 7,700 கட்டினால் ஏழு மாதத்தில் கார்டு முடியும். பிறகு அதே தொகை நகைக் கடனுக்கு. பன்னிரண்டாவது மாதம் வட்டி 4,000-த்தைக் கட்டிப் பாதிக்கு மேல் அசலையும் குறைத்து, மீதிக்கு நகையை மறுபடி அடகு வைக்கலாம். டூவீலர் தவணையும் அப்போது முடிந்திருக்கும். பதினான்காவது மாதம் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

மந்தமான மாத வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகு, ஐஸ், மீன் ஏற்றுமதி, மீன் விற்பனை என்று எதை நம்பிப் பிழைத்தாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது முடியும்போது பள்ளி திறந்திருக்கும், பீஸ் கேட்பார்கள். எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முன் ஓவர்டைம், பின்னால் வேலை கம்மி. நவம்பர், டிசம்பர் மழையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றால் தினக்கூலி போய்விடும். நல்ல மாதத்தை வைத்துப் போட்ட தவணை இங்கெல்லாம் உடைகிறது. நல்ல மாதத்தில் கூடுதலாக வருவதைத் தடைக்காலத்துக்கு எடுத்து வையுங்கள்.

வசூலுக்கு வருபவர்களுக்கும் எல்லை உண்டு. வங்கி, நிதி நிறுவன வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. குழுக் கடன் போன்ற மைக்ரோபைனான்ஸ் கடனுக்கு அது 9 முதல் 6 வரை. ஆப் கடன் கொடுப்பவர் உங்கள் போனிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்க அனுமதி இல்லை. படத்தை மாற்றி உறவினர்களுக்கு அனுப்பி மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், உதவி எண் 14448. தனியார் கந்துவட்டிக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது: மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். போலீசுக்குப் போகும்போது தண்டல் அட்டை, ஜிபே ரசீதுகள், மிரட்டல் ஆடியோ இருந்தால் புகார் நிற்கும்.

கடன் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல. செக் விவகாரம் மட்டும் வேறு. பணமில்லாமல் செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்கு வரலாம். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு எழாது. ஆகவே ரிஜிஸ்டர் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவது தவறு. நோட்டீஸோடு பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால் தகுதியுள்ளவர்களுக்கு இலவச வக்கீல் கிடைக்கும். எண் 15100. லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமில்லாமல் சமரசமும் பேசலாம்.

"எல்லாத் தவணையையும் நிறுத்துங்கள், பாதிக்குப் பாதி நாங்கள் பேசி முடிக்கிறோம்" என்று முன்பணம் கேட்கும் ஆட்கள் பெருகிவிட்டார்கள். தவணை நின்ற நாளிலிருந்து அபராதம் ஓடும், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கடனைக் குறைத்து முடித்தால் கிரெடிட் ரிப்போர்ட்டில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்து வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும், வங்கியின் எழுத்துக் கடிதம் கையில் வந்த பிறகு, வங்கிக் கணக்குக்கே பணம் கட்டுங்கள்.

இரவில் தூக்கம் போய், உயிரே வேண்டாம் என்று தோன்றினால் கணக்கை அப்படியே மூடி வைத்துவிட்டு உதவி எண்கள் 104 அல்லது 14416-க்குப் பேசுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள். நோட்டு காலையிலும் அங்கேயேதான் இருக்கும், யாராவது ஒருவரோடு சேர்ந்து பார்க்கலாம்.

ஒவ்வொரு கடன் முடியும்போதும் காகிதத்தை விடாதீர்கள். வங்கிக் கடனுக்குப் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. சான்று, டூவீலருக்கு ஆர்.சி.யில் பைனான்ஸ் நீக்கம், தண்டலுக்கு நூறாவது கட்டமும் நிரம்பிய அட்டை, கைக்கடனுக்கு அசல் புரோநோட்டு. ஏ.டி.எம். கார்டைக் கொடுத்திருந்தால் வாங்கிய அன்றே பின் நம்பரை மாற்றுங்கள். புரோநோட்டு "தொலைந்துவிட்டது" என்று சொன்னால், பணம் முழுதும் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடும் இரண்டு சாட்சியோடும் எழுதி வாங்கிய பிறகே கடைசித் தொகையைக் கொடுங்கள்.