எழுந்து உட்கார்ந்துதான் திரும்பிப் படுக்கணுமா?

நேற்று ஓ.பி.யில் எட்டாம் மாதக் கர்ப்பிணி ஒருவர். கண்ணுக்குக் கீழே கருவளையம். ராத்திரி தூக்கமே இல்லை, இடுப்பு விட்டுப்போகிறது என்றார். எப்படிப் படுக்கிறாய் என்று கட்டிலில் காட்டச் சொன்னேன். ஒரு பக்கம் படுத்திருந்தவர் மல்லாந்து, கட்டில் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கிவிட்டு மறுபக்கம் சாய்ந்தார். "அப்படியே புரண்டா கொடி சுத்திக்கும்ல டாக்டரம்மா" என்றார் உடன் வந்த மாமியார்.

இந்த மாதம் இதைக் கேட்பது நான்காவது முறை.

தொப்புள்கொடி குழந்தையைச் சுற்றுவது அம்மா புரள்வதால் அல்ல. குழந்தை பனிக்குடத் தண்ணீரில் மிதக்கிறது. கொடியின் நீளம் ஏறக்குறைய அரை மீட்டர். குழந்தை தானாகக் குட்டிக்கரணம் போடும்போது சுற்றிக்கொள்கிறது, பல சமயம் தானாகவே பிரிந்தும் விடுகிறது. பிறக்கும் நாலைந்து குழந்தைகளில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி இருக்கும். தலை வெளியே வந்ததும் பெரும்பாலும் விரலால் தளர்த்தி எடுத்துவிடுவோம். எழுந்து உட்கார்ந்தே திரும்பிய பெண்களின் குழந்தைகளுக்கும் அப்படி எடுத்திருக்கிறேன். ஸ்கேனில் கொடி சுற்றியிருந்தால், "நீ புரண்டதால்தான்" என்று அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். தயவுசெய்து.

28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போது ஒருக்களித்துப் படுங்கள். இடது, வலது எதுவானாலும் சரி. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். நடுராத்திரி முழிக்கும்போது மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய புடவை. கடையில் விற்கும் விலை உயர்ந்த தலையணை தேவையில்லை. திரும்பும்போது முழங்காலை மடக்கி, இரண்டையும் சேர்த்துவைத்து உருளுங்கள். எழ வேண்டுமென்றால் ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். நெட்டுக்குத்தாக எழாதீர்கள்.

தரையில் சம்மணம் போடலாமா என்று தினமும் கேட்கிறார்கள். வலிக்காவிட்டால் தாராளமாக. அடிவயிற்று எலும்பு வலித்தால் வேண்டாம். நாற்காலியில் முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துண்டு, பாதத்துக்கு ஒரு மணைப்பலகை. தையல் மிஷினிலோ கம்ப்யூட்டர் முன்னாலோ உட்காருகிறவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, முகம் வீங்கித் தலைவலி வந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ படுக்கும் விதத்தை மாற்றிப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். அன்றே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

அந்த மாமியாரிடம் கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். "இன்னிக்கு ராத்திரி அவ புரண்டா எழுப்பாதீங்கம்மா. முழங்காலுக்கு நடுவுல தலையணை இருக்கான்னு மட்டும் பாருங்க."