லாகில் இருந்தது, அலர்ட்டில் வரவில்லை

ஓர் இரவு முழுவதும் ஒரு ரவுட்டர், பக்கத்து ரவுட்டருடன் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) உறவை இழப்பதும் மீட்பதுமாக இருந்தது. எங்களுக்குத் தெரியவந்தது காலையில், ஆட்கள் போன் செய்து "நெட் விட்டு விட்டு வருகிறது" என்று சொன்ன பிறகுதான். கருவிகளின் பதிவுகள் வந்து சேரும் லாக் சர்வரைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் நேரத்தோடு பதிவாகியிருந்தது. அலர்ட் மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

தவறு எங்கள் அமைப்பில்தான். சிஸ்லாக் (கருவிகள் தங்கள் லாகை அனுப்பும் முறை) செய்தி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை ஒரு தீவிர எண் உண்டு. எண் சிறியதானால் விஷயம் பெரியது. நாங்கள் 3 வரைக்கும்தான் அலர்ட் போட்டிருந்தோம். சிஸ்கோ ரவுட்டர்களில் ஓஎஸ்பிஎஃப் உறவு மாறியதாக வரும் செய்தியின் எண் 5, வெறும் அறிவிப்பு. அது கருவியின் கணக்கு. எந்த லிங்க் அறுந்தால் யாருக்கு வேலை நிற்கும் என்பது கருவிக்குத் தெரியாது. நாம்தான் ரெஜெக்ஸ், அதாவது வரிகளில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் பேட்டர்ன், எழுதிச் சொல்ல வேண்டும்.

சரி, எழுதினோம். செய்தியின் பெயர் வந்தாலே அலர்ட் என்று வைத்தோம். உறவு அறுந்தாலும் அதே பெயர், சேர்ந்தாலும் அதே பெயர், மெயில் குவிந்தது. அப்புறம்தான் வரியை நிதானமாகப் படித்தோம். அறும்போது 'ஃபுல்' நிலையிலிருந்து 'டவுன்' நிலைக்கு என்று இருக்கும். சேரும்போது 'லோடிங்'கிலிருந்து 'ஃபுல்'லுக்கு. முதலாவது பொருந்தினால் அலர்ட் திறக்கும், இரண்டாவது பொருந்தினால் தானே மூடும் என்று பிரித்தோம். பக்கத்து ரவுட்டரின் முகவரியைத் தனியே பிடித்து, ஒரே முகவரி 10 நிமிடத்தில் 3 முறை அறுந்தால் மட்டும் ஆளை எழுப்பும்படி வைத்தோம்.

முகவரியில் கவனம் தேவை. ரெஜெக்ஸில் புள்ளி என்றால் எந்த எழுத்தும் வரலாம். புள்ளிக்கு முன் பின்சாய்கோடு போடாமல் 10.1.1.1 என்று எழுதினால் 10.1.121.5 என்ற வேறொரு கருவியும் சிக்கும். முடிவில் எல்லை குறிக்காவிட்டால் 10.1.1.10-உம் சிக்கும்.

எனக்கு இன்னும் பெரிய கவலை, பேட்டர்ன் எதையுமே பிடிக்காத அமைதி. சிஸ்லாக் பெரும்பாலும் யூடிபி (வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) வழியாக, 514-ஆம் போர்ட்டில் போகிறது. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். அறுந்த லிங்க் வழியாகவே லாக் போக வேண்டியிருந்தால், அறுந்த செய்தியே வந்து சேராது. மென்பொருளைப் புதுப்பித்தால் வாசகமும் மாறலாம். அதனால் ஒரு கருவியிலிருந்து வழக்கமாக வரும் லாக் நின்றுபோனால் அதற்கும் தனியாக ஓர் அலர்ட் வையுங்கள்.

அந்த இரவின் லாகைத் தனி ஃபைலாக வைத்திருக்கிறோம். பேட்டர்னில் ஓர் எழுத்தை மாற்றினாலும், முதலில் அதன்மேல் ஓட்டிப் பார்த்த பிறகே போடுகிறோம்.