ரிடெம்ஷன் என்றால் சாப விமோசனமா?

ஆங்கிலத் தொடர்களைத் தமிழில் கதை சொல்லும் யூடியூப்காரர்களுக்கு 'ரிடெம்ஷன்' என்று ஒரு சொல் வந்துவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு 'சாப விமோசனம்' என்று போட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டுத் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பசங்களும் 'ஏஞ்சல்' என்ற அமெரிக்கத் தொடரின் ரத்தக் காட்டேரி நாயகனைப் பற்றி "ஏஞ்சலுக்கு எப்பண்ணா சாப விமோசனம் கிடைக்கும்?" என்கிறார்கள். கிடைத்தால் ஊரே செத்துப்போகும்டா என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். லத்தீனில் விலை கொடுத்துத் திரும்ப வாங்குவது என்று பொருள். அடகுக் கடைக்குப் போய் வந்தவரிடம் "நகையை மீட்டாச்சா?" என்கிறோமே, அதேதான். தமிழ் வேதாகமத்தில் யோபு 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்கிறார். ஆகவே நேர்ச்சொல் மீட்பு. இதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டையெல்லாம் அந்தச் சாபத்தோடுதான். 'பஃபி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் அறிமுகமாகி, 1999 முதல் 2004 வரை தன் பெயரிலேயே ஒரு தொடரும் கண்ட ஏஞ்சல் யார்? 1753இல் அயர்லாந்தின் கால்வே ஊரில் ரத்தக் காட்டேரியாக மாறியவன். ஏஞ்சலஸ் என்ற பெயரில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கொன்று குவித்தவன். 1898இல் ரோமானி குலப் பெண் ஒருத்தியைக் கொன்றான். அந்தக் குலத்தார் அவனைச் சபித்தார்கள். என்ன சாபம்? கல்லாகப் போ என்றா? இல்லை, அவனுடைய ஆன்மாவையே திருப்பிக் கொடுத்தார்கள். இனி மனசாட்சி உறுத்தும், கொன்ற முகங்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வரும், காலமெல்லாம் துடி என்று விட்டுவிட்டார்கள். ஒரு கணம் முழு இன்பம் கண்டான் என்றால் சாபம் நீங்கிவிடும். 'பஃபி' இரண்டாம் பருவத்தில் நீங்கவும் நீங்கியது. மறு நிமிடமே பழைய கொலைகாரன்! அகலிகைக்குச் சாபம் நீங்கினால் பெண்ணாக எழுவாள். இவனுக்கு நீங்கினால் மிருகம்தான் எழும். மொழிபெயர்ப்பவர் கதையைப் பார்த்தாரா, அகராதியை மட்டும் பார்த்தாரா என்று சந்தேகம் வருவது இங்கேதான்.

இன்னொரு கோஷ்டி 'பரிகாரம்' என்கிறது. பரிகாரம் தோஷத்துக்குச் செய்வது. ராகு எங்கே உட்கார்ந்தால் என்ன, அதில் ஜாதகக்காரனின் குற்றம் ஏதும் இல்லை. விளக்குப் போட்டால் கணக்கு முடிந்தது. செய்தது நான்தான் என்ற பொறுப்பே அந்தச் சொல்லில் கிடையாது. ஏஞ்சலின் கதையோ முழுக்க அந்தப் பொறுப்பைப் பற்றியது. ஆன்மா இல்லாதபோது செய்ததுதானே என்று அவன் தப்பித்துக்கொள்ளலாம், தப்பிப்பதில்லை.

பக்கத்திலேயே திருவொற்றியூர் இருக்கிறது. உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. அங்கே நின்று 'அழுக்கு மெய்கொடு' என்று தொடங்கிப் பாடியவர் கிரகத்தைப் பழிக்கவில்லை. 'பிழைப்பன் ஆகிலும்' என்று பிழையைத் தன் கணக்கிலேயே எழுதிக்கொண்டார். அப்புறம் காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண். கண் வந்தது மீட்பு. பிழையை ஒப்புக்கொண்டு வழியெல்லாம் தடுமாறி நடந்தது வேறு ஒன்று. அந்த வேறொன்றுக்குத்தான் தமிழில் கழுவாய் என்று பெயர்.

பிராயச்சித்தம் என்பதற்கு நம் பழைய சொல் இது. கழுவு என்பதிலிருந்து வந்தது. புறநானூற்று 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் 'வழுவாய் மருங்கில் கழுவாயும் உள' என்கிறார். எத்தனை கொடிய தவறானாலும் கழுவிக்கொள்ள வழி உண்டு, செய்ந்நன்றி கொன்றவனுக்கு மட்டும் உய்தி இல்லை என்பது பாட்டின் பேச்சு. கழுவாயும் உய்தியும் ஒரே பாட்டில் தனித்தனிச் சொற்களாக நிற்பதைக் கவனியுங்கள். ஒன்று செய்வது, மற்றது கிடைப்பது. ஆங்கிலக்காரன் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டான் என்பதற்காக நாமும் ஏன் அடைக்க வேண்டும்? ('கழுவாய்' என்றதும் "பாத்திரமாண்ணா?" என்று பசங்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். சிரிக்கட்டும். 'விமோசனம்' மட்டும் என்ன அவர்கள் காசிமேட்டில் மீன் வாங்கும்போது பேசுகிற சொல்லா?)

கடைசி அத்தியாயத்தைப் பாருங்கள். என்றாவது ஒரு நாள் நீ மனிதனாவாய் என்று ஏஞ்சலுக்கு ஒரு தீர்க்கதரிசனம் இருந்தது. அதாவது மீட்பு. எதிரிகளை நம்பவைப்பதற்காக அதை வேண்டாம் என்று தன் ரத்தத்தாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறான். அப்புறமும் சண்டைக்குப் போகிறான். மீட்பு போய்விட்டது, ஆனால் கழுவாய் தேடுவதை அவன் நிறுத்தவில்லை. இந்த இடத்தில் 'சாப விமோசனத்தைத் துறந்தான்' என்று எழுதினால் பார்ப்பவனுக்கு என்ன விளங்கும்?

திரைவரி (சப்டைட்டில்) எழுதுபவர்கள் இடம் போதாது என்பார்கள். 'செய்ததற்குக் கழுவாய் தேடுகிறேன்.' எண்ணிப் பாருங்கள், மூன்றே சொல். அதுவும் பழையதாகத் தோன்றினால் 'செஞ்ச பாவத்தை நானே கழுவணும்' என்று போடுங்கள். வியாசர்பாடியில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.