டென்ஷனால் குடியா, குடியால் டென்ஷனா?

"டென்ஷன் தாங்காமல்தான் குடிக்கிறேன் என்கிறார் என் கணவர். கல்யாணத்தின்போது எப்போதாவது ஒரு கட்டிங். இப்போது விடிந்ததும் கை நடுங்குகிறது. உண்மையில் எது எதனால் வருகிறது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இரண்டு பக்கமும் உண்மை உண்டு. ஆனால் வருடங்கள் போகப் போக, டென்ஷனில் பெரும்பகுதியைக் குடியே தயாரித்துக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் எரிக்கும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்தது வெளியேற விடிகாலை ஆகிவிடும். வயதாக ஆக உடம்பில் நீரின் அளவு குறைவதால், அதே குவார்ட்டர் ரத்தத்தில் இன்னும் அடர்த்தியாக ஏறும்.

இனி மூளைக்கு வருவோம். அங்கே இரண்டு ரசாயனங்கள் வேலை செய்கின்றன. நரம்புச் செல்களை அடக்கி வைப்பது காபா, தூண்டிவிடுவது குளுட்டமேட். இவற்றைப் பிடித்துக்கொள்ள நரம்புச் செல்களில் இருக்கும் வாசல்கள்தான் ஏற்பிகள். ஆல்கஹால் காபாவின் கையை ஓங்கச் செய்கிறது. குளுட்டமேட்டைப் பெறும் என்எம்டிஏ ஏற்பிகளை மட்டுப்படுத்துகிறது. முதல் ரவுண்டில் கிடைக்கும் நிம்மதி இதுதான். தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்குமா? காபா ஏற்பிகளை மந்தமாக்குகிறது, என்எம்டிஏ ஏற்பிகளைக் கூட்டுகிறது. ஆல்கஹால் ஒரு பக்கம் இழுக்க, அதே பலத்தோடு மறுபக்கம் இழுத்துச் சமநிலையை மீட்கிறது. இரண்டு குவார்ட்டர் போட்டும் ஒருவர் தள்ளாடாமல் நடப்பது இதனால்தான். அதை உடம்பின் தெம்பு என்று நினைத்துவிடுகிறோம்.

சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது. ஆல்கஹால் சில மணி நேரத்தில் போய்விடும். மாறிப்போன ஏற்பிகள் திரும்ப நாட்கள், வாரங்கள் ஆகும். வடம் இழுக்கும் போட்டியில் எதிரணி திடீரென்று கயிற்றை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதுதான் விடிகாலையில் நடக்கிறது. தூண்டல் மட்டும் மிஞ்சி, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத பயம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. ஒரு கட்டிங் போட்டதும் எல்லாம் அடங்கிவிடுவதால், மருந்து குடித்ததாகவே அவருக்குத் தோன்றுகிறது.

ஆகவே பல வருடம் குடித்தவரை வீட்டிலேயே திடீரென நிறுத்தச் சொல்வது ஆபத்து. வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரியலாம், புலம்பலாம். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போகும் குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. கவனிக்காமல் விட்டால் உயிரையே பறிக்கும் நிலை அது. மருத்துவமனையில் டயஸெபாம் போன்ற மருந்து கொடுப்பார்கள். அது அதே காபா ஏற்பிகளைத்தான் பிடிக்கிறது. அளவைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து, மூளையை மெதுவாக இறக்கிவிடுகிறது.

இது தெரிந்தும், 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்திருக்கிறது. மது விற்பனையில் ஆயிரக்கணக்கான கோடி வருமானம் பார்க்கும் மாநிலங்கள், அதில் ஒரு நிலையான பங்கைச் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும்.

வாசகியின் கேள்விக்கு 1988-இல் அமெரிக்காவில் பிரவுன், ஷக்கிட் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த ஆய்வு கிட்டத்தட்ட நேரடியான பதில் தருகிறது. குடிநோய்ச் சிகிச்சைக்குச் சேர்ந்த ஆண்களில் 42 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. குடிக்காமல் நான்கு வாரம் கழிந்தபோது அது 6 சதவீதமாகிவிட்டது. மனச்சோர்வுக்கென்று தனி மருந்து இல்லாமலே பெரும்பாலோருக்கு அது விலகியது. நான்கு வாரத்துக்குப் பிறகும் உங்கள் கணவருக்கு அந்தப் பாரம் நீடித்தால், அது குடிக்கு முன்பே அவரிடம் இருந்ததாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.