வேல்ஸும் வால்நட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

போலந்துக்காரர்கள் இத்தாலியை 'வ்வோஹி' என்கிறார்களே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நேரடியான பதில்: வேல்ஸ் எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்துதான்.

பழைய ஜெர்மானிய மக்களிடம் (ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகளின் மூதாதை மொழியைப் பேசியவர்கள்) 'வல்ஹஸ்' என்றொரு சொல் இருந்தது. முதலில் பக்கத்தில் வாழ்ந்த கெல்ட் என்ற பழைய ஐரோப்பிய இனத்தவரை அப்படி அழைத்தார்கள். அந்தக் கெல்டுகளில் பலர் ரோமானிய ஆட்சியில் லத்தீன் பேசத் தொடங்கியதும், லத்தீன் பேசுகிறவர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பிரிட்டனுக்குப் போன ஆங்கிலோ-சாக்ஸன்கள் அங்கிருந்த பூர்வகுடிகளை 'வேயலாஸ்' என்றார்கள். அதுதான் வேல்ஸ், கார்ன்வாலில் வரும் 'வால்' எல்லாம். வந்தேறிகள் மண்ணின் மைந்தர்களை அந்நியர் என்று அழைத்த கூத்து இது! வேல்ஸ் மக்கள் தங்கள் நாட்டைச் சொல்வது 'கம்ரி' என்று. பெல்ஜியத்தின் வலோனியா, ருமேனியாவின் வலாக்கியா, மளிகைக்கடை வால்நட், எல்லாம் இதே குடும்பம். வால்நட் என்றால் அந்நியக் கொட்டை, அவ்வளவுதான்.

சரி, 'வல்ஹஸ்' எப்படிப் பிறந்தது? ஜூலியஸ் சீசர் ரைன் நதிக்குக் கிழக்கே ஹெர்சீனியக் காட்டுப் பகுதியில் 'வோல்கே' என்ற கெல்ட் இனம் வாழ்ந்ததாக எழுதியிருக்கிறார். அந்த இனப்பெயரே மூலம் என்பது பெரும்பாலான மொழியியலாளர்களின் கருத்து. ஆனால் 'க்' எப்படி 'ஹ்' ஆனது?

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. 1822இல் யாக்கோப் கிரிம் (தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே சகோதரர்களில் மூத்தவர்) ஒரு விதியை விளக்கினார். ஜெர்மானிய மொழிகளில் பழைய 'க்' ஒழுங்காக 'ஹ்' ஆகியிருக்கிறது. கிரேக்க 'கார்டியா', ஆங்கில 'ஹார்ட்'. லத்தீன் 'கார்னு', ஆங்கில 'ஹார்ன்'. இந்த மாற்றம் ஒரு காலகட்டத்தில் நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கடன் வாங்கிய சொற்களில் 'க்' அப்படியே நிற்கும். ஆக, 'வல்ஹஸ்' என்பதில் 'ஹ்' இருப்பதே, மாற்றம் முடிவதற்கு முன்பே, அதாவது சீசருக்கும் முந்திய காலத்திலேயே, அது கடன் வாங்கப்பட்டது என்பதற்குச் சாட்சி. எழுத்தே இல்லாத மக்களின் பேச்சுக்குக் காலம் குறிக்க முடிகிறது!

ஒலி ஒன்றுபோல இருந்தால் போதும், உடனே உறவு கொண்டாடும் பதிவுகளை நம்மூரில் தினமும் பார்க்கிறோம். இரண்டு சொற்கள் ஒத்திருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. அவை வேறுபடும் விதம் நூறு சொற்களில் ஒரே ஒழுங்கில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அப்புறம், போலந்து. 'வல்ஹ்' ஜெர்மானியர்களிடமிருந்து ஸ்லாவியர்களிடம் (போலந்துக்காரர், ரஷ்யர், செர்பியர் ஆகியோரின் முன்னோர்) போனது. பழைய ஸ்லாவிய மொழியில் அசை உயிரொலியில்தான் முடிய வேண்டும்; 'வல்' என்று 'ல்'லில் முடிவது ஒத்துவராது. நாம் 'பஸ்' என்பதை 'பஸ்ஸு' ஆக்குவதுபோல அவர்களும் ஒட்டுப்போட்டார்கள், ஊருக்கு ஒரு விதமாக. செர்பியர் 'ல்'லையும் உயிரையும் இடம் மாற்றி 'வ்லாஹ்' என்றனர். ரஷ்யர் நடுவில் உயிர் சேர்த்து 'வொலொஹ்' என்றனர். போலந்தில் அது 'வ்லொஹ்'. அங்கே அந்த 'ல்' பிற்காலத்தில் 'வ்' ஆக உச்சரிக்கப்பட்டு, பன்மையில் 'வ்வோஹி' ஆனது.

மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட சார்லிமேன் பேரரசரின் 'கார்ல்' என்ற பெயரும் இதே மூன்று வாசல் வழியாகப் போய் 'அரசன்' என்ற சொல்லானது: செர்பிய 'க்ரால்', ரஷ்ய 'கொரோல்', போலந்து 'க்ரூல்'. சார்லிமேன் இறந்தது 814இல். அப்படியானால் இந்த ஒட்டுவேலை அவர் காலத்திலும் ஓயவில்லை.

ஹங்கேரியர்கள் இந்தச் சொல்லை ஸ்லாவியர்களிடம் இரண்டு முறை வாங்கினார்கள். ஒருமை 'வ்லாஹ்' அவர்களிடம் 'ஒலாஹ்' ஆகி ருமேனியரைக் குறித்தது. பன்மை 'வ்லாசி' 'ஒலஸ்' ஆகி இத்தாலியரைக் குறிக்கிறது.